பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

18 டிசம்பர் 1962
செவ்வாய், இரவு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். ஐயாவுக்கு மட்டும் காட்டலாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் எழுதினேன் என்று நம் சபையில் யாருக்காவது தெரிந்தால் நைனா என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நீங்களும் ஐயாவும் பம்பாய் ரயில் ஏறும் முன் எனக்குக் கொடுத்த நான்கு ஏர் லெட்டரில் இது முதலாவது. பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று எழுதத்தான் வைத்திருந்தேன். அதற்குள் இதற்கு எடுக்கவேண்டியதாகிவிட்டது.

கிருபை அக்காவை அடக்கம் பண்ணின அன்று நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தீர்கள். அப்போது பாப்பா பிறந்து மூன்று நாள். இப்போது ஐந்து மாதம். அக்கா போன பிறகு இருசப்பன் மாமா பாப்பாவை வைத்துக்கொண்டு நாலு வீடு தள்ளி அவருடைய அம்மா சொக்கம்மாளோடு இருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. பகலில் பாலாடையில் பால் புகட்டி எப்படியோ வைத்துக்கொள்கிறார்கள். ராத்திரியில் பாப்பா அழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். மாமா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுவார். "சுகிர்தம், கொஞ்சம் வாங்கிக்கோம்மா, எனுக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல" என்பார். உள்ளே வரமாட்டார். நான் வாங்கிக்கொள்வேன். என் மேல் போட்டதும் தூங்கிவிடுவாள். அக்கா சேலையை நான் கட்டிக்கொள்வதால் அந்த வாசனைக்குத் தூங்குகிறாள் என்று அம்மா சொல்கிறாள். அக்காவின் வாசனை அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் குழந்தைக்கு?

போன வாரம் தெருப் பெரியவர்கள் வந்து நைனாவிடம் பேசினார்கள். பொண்ணு செத்த வீட்டில் இன்னொரு பொண்ணு இருக்கும்போது பேரப்பிள்ளைக்கு அம்மாவாக வேறு ஒருத்தி எதற்கு, இருசப்பனுக்கே கட்டிவையுங்கள் என்றார்கள். நைனா தலையை ஆட்டினார். எனக்கு இஷ்டமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சொன்னது இதுதான்: "நடு ராத்திரியில நீதானே எய்ந்து போயி கதவ தொறந்து வாங்கிக்கிற. அப்பறம் இன்னாடி இஷ்டம் இல்லன்றது?"

டீச்சரம்மா, கதவைத் திறந்தது நான்தான்.

நான் ஒன்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற பிப்ரவரி 27 சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் லெந்து நாட்கள், நம் சபையில் கலியாணம் கிடையாது. ஈஸ்டர் ஏப்ரல் 14. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். பிப்ரவரி 27 வரைக்கும் எப்படியாவது தள்ளிவிட்டால் பரீட்சை எழுதிவிடுவேன். பாஸானால் காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங் சேர்த்துவிடுவதாக நீங்கள் சொன்னது நைனாவுக்கும் தெரியும்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. நைனாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாமல், நீங்களாகவே நினைத்துக்கொண்டு எழுதின மாதிரி எழுதுங்கள். சுகிர்தம் எப்படிப் படிக்கிறாள், ஜூன் மாதம் டிரெயினிங்கில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும். நைனா ஐயாவின் பேச்சைத் தட்டமாட்டார். எனக்கு எழுதுவதை உத்திரமேரூரில் அம்முலு பேருக்கு அனுப்புங்கள், முகவரி மடிப்பின் மேல் இருக்கிறது. அவள் என் வகுப்பு. அவர்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள், தபால்காரர் அங்கே தினம் போவார்.

நீங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை வேதகிரி உபதேசியார் ஆராதனை முடிவில், "நம்முடைய ஞானசுந்தரி அம்மாளும் மாசிலாமணி ஐயாவும் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஊழியம் செய்யப் போகிறார்கள்" என்று சொன்னார். செல்லாயி அத்தை வெளியே வந்து, "பாடம் எட்க்கறது எப்டி ஊழியம் ஆவும்? உபதேசியாரு கூடத்தான் எங்குளுக்குப் பாடம் எட்க்கறாரு, ஒண்ணும் ஏற்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு இது எதுவும் தெரியாது.

யாருக்கும் காட்டாதீர்கள்.

உங்கள் மாணவி,
சுகிர்தம்


ஆடிஸ் அபாபா
3 ஜனவரி 1963

கர்த்தருக்குள் பிரியமான சுகிர்தத்துக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வருஷக் கடைசி நாளில் கிடைத்தது. இரண்டு முறை வாசித்துவிட்டு ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வாசித்தார். கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இந்தப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே யாருக்கு வந்து கால்குலஸ் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். நீ சொன்னபடி கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் நைனாவுக்கு ஐயா கையாலேயே எழுதி, இதே தபாலில் சபை முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம். நீ எழுதினது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஜூன் மாத டிரெயினிங் பற்றியும், பரீட்சை வரைக்கும் உன்னை வேறு எதிலும் இழுக்கவேண்டாம் என்றும் பொதுவாக எழுதியிருக்கிறார். காஞ்சிபுரத்தில் டிரெயினிங் பள்ளித் தலைமை அம்மாவுக்கும் நான் எழுதிவிட்டேன்.

இங்கே எல்லாம் தலைகீழ். கிறிஸ்துமஸ் இவர்களுக்கு ஏழாம் தேதிதான். ராத்திரியில் குளிர் எலும்பைப் பிடிக்கிறது. புளித்த மாவில் தாம்பாளம் அகலத்துக்குத் தோசை போல ஒன்று சுட்டு, எல்லாரும் ஒரே தட்டில் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். ஐயா வகுப்பில் அறுபது பையன்கள், நான்கு பெண்கள். நான் முதல் வருஷத்துக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வகுப்பில் பாடம் மட்டும்தான். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மூன்று பேர் டீ குடிக்க வீட்டுக்கு வருவார்கள், அவர்களாகக் கேட்டால் நாங்கள் வேதத்தைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் வருவது அவர்கள் வீட்டில் தெரிந்தால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். அதனால் அவர்கள் பெயரை நாங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதுவதில்லை. செல்லாயி கேட்டது சரிதான். இது எப்படி ஊழியம் என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை.

குழந்தையைப் பற்றி நீ வருந்தவேண்டாம். செங்கல்பட்டுப் பக்கத்தில் மிஷன் ஹோம் இருக்கிறது, அங்கே நல்ல பாலும் நர்ஸம்மாவும் உண்டு. இருசப்பனுக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்லலாம்.

நீ தனியாக இல்லை, சுகிர்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நாங்கள் மிஷனெரி சங்கத்துக்கு ஜெபக் கடிதம் அனுப்பவேண்டும். எங்களை அனுப்பின சபைகள் எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று அதில் எழுதுவோம். இந்த முறை உன் காரியத்தையும் சேர்த்திருக்கிறேன். பயப்படாதே. உன் பெயர் இல்லை, ஊரும் இல்லை. ஆயிரம் பேர் உனக்காக முழங்கால் போடும்போது உன் நைனாவின் மனம் அப்படியே இருக்குமா?

தைரியமாயிரு. தேற்றங்களைத் தினம் ஒன்று எழுதிப் பார்.

உன் அன்புள்ள,
ஞானசுந்தரி


21 ஜனவரி 1963
திங்கள், இரவு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நல்லதை முதலில் எழுதுகிறேன். ஐயாவின் கடிதம் நேற்று வந்தது. உபதேசியார் ஆராதனை முடிந்து அதை நைனா கையில் கொடுத்தார். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து, "பட்றி சுகிர்தம், ஐயா இன்னா எய்திகிறாரு" என்று என்னிடமே கொடுத்தார். நானே வாசித்தேன். குரல் நடுங்கக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாசித்தேன். நைனா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தியா சிட்டு, எந்தத் தேசத்துக்குப் போயும் நம்ப பொண்ண மறக்கல அவுங்கோ" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏமாற்றுகிறேன் என்று தெரிந்து வாசிப்பது அவ்வளவு சுலபமில்லை, டீச்சரம்மா.

ராத்திரி பெரியவர்கள் வந்தபோது நைனா, "பரீட்ச முடியட்டும், ஈஸ்டருக்கு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. இருசப்பன் மாமா, "எனுக்கு ஒண்ணும் அவசரமில்ல மாமா, அது படிக்கட்டும்" என்றார். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது, சந்தோஷத்தில்.

ஆனால் அம்முலு கொடுத்த உங்கள் கடிதத்தின் கடைசியில் உள்ளதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரம்மா, அந்த ஜெபக் கடிதம் இங்கேயும் வரும். உங்களுக்கு மறந்துவிட்டதா? சங்கத்தில் அச்சடித்து எல்லாச் சபைக்கும் அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் உபதேசியார் அதைச் சத்தமாக வாசிப்பார். நீங்கள் இங்கே இருந்தபோது நீங்களே வாசித்திருக்கிறீர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன? நம் தெருவில் பதினோராம் வகுப்பு படிக்கிறவள் நான் ஒருத்தி.

பிப்ரவரி 3 முதல் ஞாயிறு. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களிடம் வருவதற்கே அவ்வளவு நாள் ஆகும். இருந்தாலும் எழுதுகிறேன். எப்படியாவது நிறுத்துங்கள். தந்தி கொடுங்கள்.

பாப்பாவை ஹோமில் விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அநாதை இல்லை, டீச்சரம்மா. இதோ என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். எனக்குக் கலியாணம்தான் வேண்டாம். அவள் வேண்டாம் என்று நான் எழுதவேயில்லை.

சுகிர்தம்


3 பிப்ரவரி 1963
ஞாயிறு, இரவு

டீச்சரம்மா,

வாசித்துவிட்டார்கள்.

ஒரே நாளில் எனக்குப் பேச யாரும் இல்லாமல் போய்விட்டது. அதனால் மூன்றாவது ஏர் லெட்டரை எடுத்துவிட்டேன்.

முதலில் ஐயாவின் வகுப்பைப் பற்றி வாசித்தார். குளிர் பற்றி வாசித்தார். பிறகு இது. எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "உத்திரமேரூர்ப் பக்கம் பள்ளி இறுதி வகுப்பு படிக்கும் நம் பெண் ஒருத்தி, மரித்துப்போன தன் அக்காளின் புருஷனுக்கு வாழ்க்கைப்பட வற்புறுத்தப்படுகிறாள். இதை அவள் இரகசியமாக எங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவளுடைய தகப்பனின் இருதயம் மாறும்படி ஜெபியுங்கள்." ஊரும் இல்லை என்றீர்கள். உத்திரமேரூர்ப் பக்கம் என்று போட்டிருந்தது.

உபதேசியார் பாதியிலேயே கண்டுகொண்டார். அவர் குரல் இறங்கிப்போயிற்று. ஆனாலும் அச்சில் உள்ளதை விடக்கூடாது என்று கடைசி வரைக்கும் வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் நைனா முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

வெளியே வந்ததும் செல்லாயி அத்தை, "இன்னாம்மா சுகிர்தம், நமக்கு மய வேணும்னு ஜெபம் பண்ணா பக்கத்து ஊர்ல கூட பெய்ய மாட்டுது, உனுக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து ஜெபம் வர்து!" என்றாள். சிலர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கிறவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து நைனா என்னை அடிக்கவில்லை. அடிப்பார் என்று சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கி ஐயா லெட்டர நீதானே எனுக்குப் படிச்சி காட்ன?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு தபா படிச்சியே," என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இதுவரைக்கும் என்னோடு பேசவில்லை.

மத்தியானம் பெரியவர்கள் கூப்பிடாமலே வந்தார்கள். இருசப்பன் மாமாவும் வந்தார், வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா வாணாம் மாமா. புள்ளய வெச்சி அத்த வளைக்கிறேன்னு சபை சபையா படிச்சிக்கினு கீறாங்கோ. நான் எப்ப அத்த வற்புறுத்துனேன்?" என்றார். அவர் சொன்னது சரி. அவர் ஒரு நாளும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. குழந்தையை நீட்டுவார், வாங்கினதும் போய்விடுவார். அதையாவது எழுதியிருக்கவேண்டும் நான்.

நைனா கத்தினார். "இஷ்டம் கிஷ்டம் இன்னாடா? காஞ்சிபுரத்துலேர்ந்து தாமல் வரைக்கும் எல்லாக் கோயில்லயும் இன்னிக்கி என் பொண்ணு கதையப் படிச்சிட்டாங்கோ. இனிமே எவன் வருவான் இவளக் கட்ட? லெந்துக்கு முன்ன முடிச்சிட்றேன்."

மாமா சொன்னதைப் பெரியவர்கள் காதில் வாங்காமலே தேதி வைத்துவிட்டார்கள். பிப்ரவரி 10, 17, 24 மூன்று ஞாயிறும் கலியாண அறிக்கை வாசிப்பார்கள். 26 செவ்வாய்க்கிழமை கலியாணம். மறுநாள் சாம்பல் புதன். நான் எண்ணி வைத்திருந்த அதே தேதிக்கு முந்தின நாள். நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது.

இந்தக் கடிதத்தை எப்படிப் போடுவேன் என்று தெரியவில்லை. நீங்கள் பதில் எழுதினாலும் 26-க்குள் வராது. அதனால் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருகிற பிள்ளைகள் பெயரை எழுதமாட்டோம் என்றீர்களே. என்னை மட்டும் ஏன் எழுதினீர்கள்?

மாமா இன்று ராத்திரி கதவைத் தட்டவில்லை. பாப்பா அழுகிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கிறது.

சுகிர்தம்


ஆடிஸ் அபாபா
5 பிப்ரவரி 1963

என் மகளே,

ஜனவரி 21-ஆம் தேதிக் கடிதம் இன்று காலை கிடைத்தது. நான் வகுப்புக்குப் போகவில்லை. ஐயா உடனே தந்தி ஆபீசுக்குப் போய்ச் சங்கத்துக்குத் தந்தி கொடுத்தார். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. ஜனவரி கடைசியிலேயே எல்லாச் சபைக்கும் அனுப்பியாகிவிட்டது என்று மூன்று வார்த்தை. முதல் ஞாயிறு நேற்று முன்தினம்தான். இந்நேரம் வாசித்திருப்பார்கள். உன் முகத்தை என்னால் பார்க்க முடிகிறது, மேலே எழுத முடியவில்லை.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் இங்கே வந்து ஐந்து மாதமாகிறது. சங்கம் ஜெபக் குறிப்பு கேட்கிறது. வியாழக்கிழமை வருகிறவர்களைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது. பாடம் எடுத்தோம், பரீட்சைத்தாள் திருத்தினோம் என்று எழுதினால் எங்களை அனுப்பினவர்கள் இதற்கா அனுப்பினோம் என்பார்கள். எழுத வேறு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதம் வந்தது. உனக்காக என்று நினைத்துத்தான் எழுதினேன். இப்போது யோசித்தால், காகிதத்தை நிரப்பவும்தான் எழுதினேன்.

பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்பது எங்களுக்கு இங்கே பழகிவிட்டது. இந்தப் பட்டணத்தில் அது சரி. லட்சக்கணக்கான ஜனம். நம் தெருவில் முப்பத்திரண்டு வீடு என்பது ஆறு வருஷம் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கு ஏன் நினைவு வரவில்லை? எனக்குப் பிள்ளை இல்லை, நீதான் எங்கள் பிள்ளை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையின் இரகசியத்தை எவளாவது அச்சுக்குக் கொடுப்பாளா?

ஐயா உடனே புறப்படு, நீயாவது போய்விட்டு வா என்றார். கப்பலுக்கு மூன்று வாரம், அதற்குள் லெந்து வந்துவிடும். விமானத்துக்கு எங்கள் இருவருடைய ஆறு மாதச் சம்பளமும் போதாது. நான்கரை வருஷம் மீதி இருக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அவர்கள் கோபத்தில் கலியாணத்தை லெந்துக்கு முன்னால் வைக்கலாம் என்று பயப்படுகிறேன். வைத்தால் மூன்று ஞாயிறு சபையில் அறிக்கை வாசித்தாகவேண்டும். ஒவ்வொரு முறையும், ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லாததால் அது வெறும் வழக்கம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பெண்ணே எழுந்து ஆட்சேபம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதகர் ஐயர் அந்தக் கலியாணத்தை நிறுத்தி வைத்து உன்னைத் தனியே அழைத்துக் கேட்டாகவேண்டும். உபதேசியார் வாசித்தால் அவர் மழுப்பிவிடுவார். காஞ்சிபுரத்திலிருந்து ஐயர் வருகிற நாளில் சொல். மாதக் கடைசி ஞாயிறு அவர் நற்கருணைக்கு வருவார். ஒரு வார்த்தை போதும். அழவேண்டாம், காரணம் சொல்லவேண்டாம்.

நான் அங்கே இருந்தால் உன் பக்கத்தில் நிற்பேன். இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

நீ இனி எனக்கு எழுதாவிட்டாலும் நியாயம்தான். ஆனாலும் எழுது. எழுதினதை இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஞானசுந்தரி


23 பிப்ரவரி 1963
சனி, இரவு

டீச்சரம்மா,

இது கடைசி ஏர் லெட்டர். இதையும் யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுத நினைத்தேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் காட்டாதீர்கள்.

உங்கள் 5-ஆம் தேதிக் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்முலு எங்கள் தெருவுக்குள் வரமுடியாது, அவள் வீட்டில் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். ரோட்டு முனைக் கிணற்றண்டை நின்று, "சுகிர்தம், உன் ஜாமிட்ரி நோட்டு என்கிட்ட கீது, வாங்கினு போ" என்று கூப்பிட்டாள். அம்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை. போன தடவை நான் எழுதினதையும் அவள்தான் இப்படி நோட்டுக்குள் வைத்து வாங்கிப் போய்ப் போட்டாள். ஹால் டிக்கெட் அடுத்த மாதம் பதினோராம் தேதி கொடுப்பார்களாம். "உன் பேர வாத்தியாரு இன்னும் அடிக்கல. ஆப்சென்டுன்னு போட்டுக்கினு வர்றாரு" என்றாள். அடிக்கவில்லை என்பதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எவ்வளவு அற்பமானதற்கெல்லாம் சந்தோஷம் வருகிறது.

இரண்டு ஞாயிறு அறிக்கை வாசித்தாகிவிட்டது. "ஞானதாஸ் குமாரத்தி சுகிர்தம்" என்று வாசித்தபோது பெயர் போட்டே வாசிக்கிறார்களே என்று நினைத்தேன். ஆட்சேபம் உண்டா என்று உபதேசியார் கேட்டார். இரண்டு முறையும் அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். அப்போது உங்கள் கடிதம் வந்திருக்கவில்லை. நான் எழுந்து சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது.

நாளை ஐயர் வருகிறார்.

மூன்று நாளாக அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகுகிறேன். தண்ணீருக்குப் போகும்போது காலிக் குடத்துக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஆட்சேபம். குடத்துக்குள் சொன்னால் பெரிய மனுஷி குரல் மாதிரி கேட்கிறது. வெளியே சொன்னால் காற்றுதான் வருகிறது. ஆனால் நேற்று ஏரிக்கரையில் யாரும் இல்லாதபோது சொன்னேன். வந்துவிட்டது. ஒரு கொக்கு எழுந்து பறந்தது.

நைனா இன்னும் பேசவில்லை. நேற்று எனக்குக் கலியாணச் சேலை எடுத்து வந்தார். என் கையில் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்து, "நெறம் புடிக்குதான்னு கேளு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல நிறம். அவரே போய் எடுத்திருக்கிறார். நாளை நான் எழுந்து நின்றால் அவர் சபைக்குள் மறுபடியும் எப்படி வருவார் என்று நினைக்கும்போதுதான் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று வருகிறது. உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் ஒரு வார்த்தை போதும் என்று எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் சொல்லிவிடுவேன். இருசப்பன் மாமாவுக்குக் கூட அதனால் கோபம் வராது என்றுதான் நினைக்கிறேன். அன்று மரத்தடியில் நின்று, வேண்டாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். இருபது நாளாக அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. "இனிமே அந்த வாசப்பட்ல புள்ளயோட போயி நிக்க மாட்டேன்" என்று சொக்கம்மாளிடம் சொன்னாராம். ராத்திரி முழுக்க அவள் அழுவது கேட்கும். நான் காதில் சேலையைத் திணித்துக்கொண்டு படுத்துக்கொள்வேன். அக்காவின் சேலை. பாப்பா இளைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு நாளாக உடம்பு சுடுகிறதாம். பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் கக்கிவிடுகிறாளாம். அம்மா அதை என் காதில் விழும்படி, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

டீச்சரம்மா, இன்று ராத்திரி ஒன்று மட்டும் நான் செய்யக்கூடாது. அதை முடிவு பண்ணி வைத்திருக்கிறேன். அந்தக் கதவைத் திறக்கக்கூடாது. ஒரு தடவை திறந்து வாங்கிக்கொண்டேன் என்றால், நாளை ஐயர் ஆட்சேபம் உண்டா என்று கேட்கும்போது எந்த வாயால் எழுந்து சொல்வேன்? அம்மா எல்லார் முன்னாலும் கேட்பாள், ராத்திரி எழுந்து போய் வாங்கிக்கொண்டது யார் என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கோழி கூவவில்லை. இன்று அழுகைச் சத்தம் வரவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். தூங்குகிறாள் போல. தூங்கட்டும். விடிந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். ஐயர் புத்தகத்தைத் திறந்ததும்

சத்தம் வருகிறது. அழுகை இல்லை, முனகுகிற மாதிரி. கிட்டத்தில் வருகிறது. மாமாவின் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.

தட்டுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறார். அம்மா விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள். டீச்சரம்மா, நான்